முள் காட்டிய கால் டாங்க்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலை சந்திப்பில் பேசியது. செய்திமடல் குழு கேட்டுக்கொண்டதால், பேசியதை நினைவிலிருந்து எழுதித் தந்திருக்கிறேன். பேசும்போது விட்டுப்போன இரண்டு மூன்று எண்களைச் சேர்த்திருக்கிறேன்.)



போன சந்திப்பில் டாக்டர் மேடம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தையதில் மாடித் தோட்டம். இரண்டும் எல்லோருக்கும் பயன்படுகிற விஷயம். இந்தத் தடவை செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டு, "உங்க அம்பாசடர் கதையைச் சொல்லுங்க சார், அதுல நம்ம பேஸ்மென்ட் விஷயமும் வருதில்ல" என்றார். அவர் சொன்ன பேஸ்மென்ட் விஷயம் என்ன என்று சில பேருக்குத் தெரியும். சிரிக்கிறீர்கள். அதையும் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், கிளார்க்காக, 34 வருஷம். மின்சாரம் என்றால் ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது வரைதான் எனக்குத் தெரியும். ஓம் என்றால் கோயிலில் சொல்வது. எதிர்ப்பை அளக்கும் அளவுக்கும் அதே பெயர் என்பதை அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அதனால் இங்கே இருக்கிற இன்ஜினியர்கள் நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் கையைத் தூக்குங்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற க்ரீம் கலர் அம்பாசடர் என் மாமனார் வாங்கியது. 1984 மாடல், மார்க் 4. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் செய்து அனுப்பிய வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு என் மைத்துனர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் எங்களிடம் வந்தது. என் மனைவி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததே அந்த வண்டியில்தான். அதனால் அதற்கு நான் டிரைவர், அவள் ஓனர். இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அதன் பெட்ரோல் முள் செத்துப்போனது. எவ்வளவு ஊற்றினாலும் எம்ப்டியிலேயே படுத்திருக்கும். மெக்கானிக் பார்த்துவிட்டு, "டாங்க் யூனிட் போயிடுச்சு சார், இதுக்கு இப்ப ஒரிஜினல் வராது. வேற ஒண்ணு இருக்கு, கரெக்டா உக்காரும்" என்றார். டாங்க் யூனிட் என்பது டாங்குக்குள் மிதவையோடு இருக்கும் சென்சார். வேறொரு சின்னக் காருடையதைக் கொஞ்சம் தட்டிக்கொட்டிப் பொருத்தினார். டாங்கை நிரப்பினோம். முள் எழுந்து ஃபுல்லையும் தாண்டிப் போய் நின்றது. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஐநூறு ரூபாய் கூடவே கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஏன் இல்லை என்றால், உள்ளூரில் கோயில், கடை என்று ஓட்டிவிட்டு முள் பாதிக்கு வந்ததும் பெட்ரோல் போட்டுவிடுவேன். பழைய வழக்கம். பாதிக்குக் கீழே அது என்ன சொல்லும் என்று நான் பார்த்ததே இல்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். நானும் மனைவியும் பேத்தியும் போயிருந்தோம். திரும்பும்போது ராத்திரி ஒன்பதரை மணி. கிளம்பும்போது முள்ளைப் பார்த்தேன், கால் டாங்குக்குக் கொஞ்சம் மேலே. நம் தொழில் கணக்குதானே, மனசுக்குள் போட்டேன். டாங்க் ஐம்பது சொச்சம் லிட்டர். கால் என்றால் பன்னிரண்டுக்குக் குறையாது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்றாலும் நூற்றுக்கு மேல் போகும். வீட்டுக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. வழியில் தாம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். மனைவி கேட்டாள், "பெட்ரோல் இருக்காங்க?" "இருக்கு, கால் டாங்க் இருக்கு" என்றேன்.

மேல்மருவத்தூர் தாண்டியது, மதுராந்தகம் ஏரிக்கரை தாண்டியது. படாளம் வருவதற்கு முன்னால் வண்டி இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. முள்ளைப் பார்க்கிறேன், கால் டாங்க். அப்படியே நிற்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி நேரத்தில் ஓரத்தில் நின்றிருக்கிறீர்களா? ஆம்னி பஸ் ஒன்று போனால் நம் வண்டி முழுக்க ஆடும். நான் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வரவில்லை என்றால் பம்ப்தான் போயிருக்க வேண்டும் என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். முள் கால் காட்டுகிறதே, பெட்ரோல் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபது நிமிஷம் அப்படிப் போனது. ஒரு லாரி, எங்கள் வண்டி நிற்பதைக் கடைசி நிமிஷத்தில் பார்த்து, ஹார்ன் அடித்துக்கொண்டே ஒடித்துப் போனான். அந்தக் காற்று முகத்தில் அடித்தது. பின்சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முள்செடிக்கு நடுவில் போய் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பைக்கில் வந்த ஒரு தம்பிதான் டாங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "சார், உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். தன் பைக்கின் பெட்ரோல் டியூபைக் கழற்றி இரண்டு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. பேத்தியைப் படுக்க வைத்துவிட்டு மனைவி சொன்னாள். "அப்பா வண்டி அப்பாவோடயே போயிருக்கலாம். இனிமே நான் அதுல ஏறமாட்டேன், குழந்தையையும் ஏத்தமாட்டேன்." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் எனக்கு இந்த விஷயத்தில் வெறி பிடித்தது.

பெட்ரோல் கேஜ் என்றால் பெட்ரோலை அளக்கிற கருவி என்றுதான் நான் நினைத்திருந்தேன். டேஷ்போர்டில் இருக்கும் அந்த முள் பெட்ரோலைப் பார்த்ததே கிடையாது. டாங்குக்குள் ஒரு மிதவை. அது ஒரு கம்பியின் நுனியில் இருக்கிறது. பெட்ரோல் ஏற ஏற மிதவை ஏறும், கம்பியின் மறுமுனை ஒரு தகட்டில் சுற்றிய மெல்லிய ஒயரின் மேல் நகரும். மின்சாரம் அந்தச் சுற்றில் எவ்வளவு தூரம் ஓடவேண்டும் என்பது அதனால் மாறும். என் வண்டியில் பெட்ரோல் நிறைய இருந்தால் எதிர்ப்பு குறைவு, காலியானால் எதிர்ப்பு அதிகம். கேஜுக்குள் ஒரு சின்னத் தகடு, இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்தது. அதைச் சுற்றி ஒரு ஒயர். கரண்ட் போனால் ஒயர் சூடாகும், தகடு வளையும், முள் நகரும். அவ்வளவுதான். சூடாகி வளைவதால்தான் சாவி போட்டதும் முள் மெதுவாக எழுந்திருக்கிறது, திருப்பத்தில் பெட்ரோல் அலம்பினாலும் துள்ளுவதில்லை. பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினால் முள்ளும் ஆடக்கூடாது என்பதற்காக, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கிறது. அது சராசரியாக 10 வோல்ட்தான் கொடுக்கும்.

வங்கியில் ஹெட் ஆபீஸ் எங்கள் பிராஞ்சின் கேஷ் பெட்டியைப் பார்த்ததே இல்லை. நாங்கள் அனுப்பும் ஸ்டேட்மென்டைத்தான் பார்க்கும். கேஜ் என்பது ஹெட் ஆபீஸ். டாங்க் யூனிட் என்பது பிராஞ்ச். பிராஞ்ச் ஒரு கணக்கில் எழுதி அனுப்ப, ஹெட் ஆபீஸ் வேறு கணக்கில் படித்தால் என்ன ஆகும்?

என் வண்டியில் ஆனது அதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன், கூடவே விதவிதமான ரெசிஸ்டர். கடைப் பையன் "எத்தனை வாட் சார்?" என்று கேட்டான். தெரியவில்லை. கால் வாட் கொடுத்தான். வீட்டுக்கு வந்து மாட்டியதும் விரலைச் சுட்டது. மறுநாள் போய் 2 வாட் வாங்கிவந்தேன்.

டாங்க் பக்கமே போகாமல், டேஷ்போர்டுக்கு அடியில் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, கேஜுக்கும் பாடிக்கும் நடுவில் ஒவ்வொரு ரெசிஸ்டராக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும், முள் நிதானமாகத்தான் வரும். பழைய லெட்ஜர் நோட்டில் எழுதினேன். என் கேஜ் எம்ப்டி காட்ட 240 ஓம் வேண்டும். கால் டாங்குக்கு 110. பாதிக்கு 65. முக்காலுக்கு 37. ஃபுல்லுக்கு 20.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 240-க்கும் 20-க்கும் நடு 130 அல்லவா, பாதிக்கு ஏன் 65? முதலில் கேஜே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஏ பிளாக்கில் இருக்கும் மின்வாரிய சார்தான் விளக்கினார். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும், அதனால் அது நேர்க்கோட்டில் போகாது, இந்த மாதிரி கேஜுக்கு ஏற்றபடிதான் அந்தக் காலத்துச் சென்சாரையும் சுற்றியிருப்பார்கள் என்றார். அதாவது இரண்டும் ஜோடியாகப் பிறந்தவை.

பிறகு மெக்கானிக் ஷெட்டில் டாங்கை இறக்கி, அவர் போட்ட சென்சாரை வெளியே எடுத்து அளந்தேன். மிதவை மேலே இருக்கும்போது 3 ஓம். அடியில் இருக்கும்போது 110 ஓம்.

110. லெட்ஜரைத் திறந்து பார்த்தேன். 110 என்றால் என் கேஜுக்குக் கால் டாங்க். மிதவை டாங்கின் அடியில் உட்கார்ந்துகொண்டு, "காலி, காலி" என்று கத்திக்கொண்டிருக்கிறது. கேஜ் அதைக் கேட்டு, "கால் டாங்க் இருக்கிறது" என்று எனக்குச் சொல்லியிருக்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. சென்சாரும் நன்றாக இருக்கிறது, கேஜும் நன்றாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அந்த லாரி ஒரு அடி இந்தப் பக்கம் வந்திருந்தால்?

அந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் இல்லை. "கரெக்டா உக்காரும்" என்றார், கரெக்டாகத்தான் உட்கார்ந்தது. அளந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்தவன் நான்.

உலகம் முழுக்க இதற்கு ஒரே கணக்கு கிடையாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வெகுகாலம் காலிக்கு 0, நிறைந்தால் 90. பழைய ஃபோர்டுகளில் அதற்கு நேர்மாறு, காலிக்கு 73, நிறைந்தால் 10. ஸ்டூவர்ட் வார்னர் கேஜ் என்றால் காலிக்கு 240, நிறைந்தால் 33. ஜெர்மனியின் வி.டி.ஓ. கேஜ்களில் காலிக்கு 10, நிறைந்தால் 180 என்பது ரொம்பப் பழக்கம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தலைகீழ்க் கணக்குள்ளதைப் போட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, ஃபுல் போட்டதும் முள் எம்ப்டி காட்டும், அன்றைக்கே தெரிந்துவிடும். என்னுடையது மாதிரி, போகும் திசை சரி, அளவு மட்டும் தப்பு என்றால்தான் ஆபத்து. பாதி வரைக்கும் நல்லவன் மாதிரியே இருக்கும்.

"ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு வாரம் பேப்பரில் கணக்குப் போட்டேன். சென்சாரோடு வரிசையாக ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால், இரண்டு முனையிலும் அதே அளவு கூடும். எனக்கு எம்ப்டியில் 240 வேண்டும், இருப்பது 110. 130 ஓம் சேர்த்தால் எம்ப்டி சரி. ஆனால் ஃபுல்லில் 3 கூட்டல் 130, 133 ஆகிவிடும். டாங்க் வழிய வழிய இருந்தாலும் முள் காலைக்கூடத் தொடாது. ஃபுல்லைச் சரிசெய்ய 17 சேர்த்தால், எம்ப்டியில் 127. மறுபடியும் காலியான டாங்குக்குக் கிட்டத்தட்டக் கால். சின்னப் போர்வை மாதிரி, தலைக்கு இழுத்தால் காலுக்கு எட்டவில்லை.

பக்கவாட்டில் இணைத்தால் அளவு இன்னும் சுருங்கும். நமக்கு வேண்டியது விரிவது. சென்சாரின் வீச்சு கேஜைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் பக்கவாட்டு ரெசிஸ்டர் ஓரளவு உதவும். உதாரணத்துக்கு 240-க்கு 33 சென்சாரை, 73-க்கு 10 கேஜோடு சேர்க்க வேண்டுமானால் 105 ஓம் பக்கவாட்டில் போட்டால் எம்ப்டியில் 73 வந்துவிடும். ஃபுல்லில் 25 வரும், முள் ஃபுல்லைத் தொடாமல் நிற்கும். இருப்பதைக் குறைத்துக் காட்டினால் தொந்தரவு இல்லை. கூட்டிக் காட்டினால்தான் நடுரோட்டில் நிற்க வேண்டும்.

இப்போது இதற்கென்று சின்ன எலக்ட்ரானிக் பெட்டிகள் வந்திருக்கின்றன. சென்சார் சொல்வதைக் கேட்டு, கேஜுக்குப் புரியும் கணக்கில் மாற்றிச் சொல்லும். திசை தலைகீழாக இருந்தாலும் சரிசெய்யும். பொருத்தமான சென்சாரே கிடைக்காத வண்டிக்கு அதுதான் வழி. நானும் யோசித்தேன். பழசு கிடைக்கிறதா என்று முதலில் தேடிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இந்த இடத்தில்தான் பேஸ்மென்ட் விஷயம். டாங்கில் மீதியிருந்த பெட்ரோலை இறக்க வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வண்டிக்கு அடியில் பக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் ஓடிவந்தார், பின்னாலேயே செயலாளர். "சார், உடனே நிறுத்துங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று ஆனது. நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், என்னிடமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இரண்டு நாள் லிஃப்டில் பார்த்தும் பேசவில்லை.

பிறகு படித்துப் பார்த்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். நம் கட்டடத்தில் பேஸ்மென்ட்டைவிடப் பள்ளம் எது? நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடியில் சம்ப் மோட்டார். அது தானாகவே ஆன் ஆகும். ஒரு சின்னப் பொறி போதும். மேலே எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டத்தில், வண்டி டாங்கில் இருப்பது போக, லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்துக்கொள்ளக்கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் சட்டத்தைவிட அந்தச் சம்ப் மோட்டார்தான் என்னைப் பயமுறுத்தியது. செயலாளர் சார், அன்றைக்கு நீங்கள் செய்ததுதான் சரி. வீட்டில் வந்து சொன்னேன், இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு டாங்கைத் தொடும் வேலை எல்லாமே திறந்தவெளி ஷெட்டில்தான், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு.

செத்துப்போன பழைய டாங்க் யூனிட்டை மெக்கானிக் ஒரு கோணியில் சுற்றி டிக்கியில் போட்டிருந்தார். எடுத்து மிதவையை ஆட்டினேன், உள்ளே சளசளவென்று சத்தம். பித்தளை மிதவையில் எங்கேயோ ஓட்டை விழுந்து பெட்ரோல் நிரம்பிவிட்டது. மிதக்க வேண்டியது மூழ்கிப்போயிருக்கிறது, அதனால்தான் முள் எம்ப்டியில் படுத்தது. ஈயப்பற்று வைத்து அடைக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டினால் அது சின்ன வெடிகுண்டு. வேறு மிதவை மாற்றுவதுதான் வழி. தகட்டில் சுற்றிய ஒயரும் ஒரு இடத்தில் தேய்ந்து அறுந்திருந்தது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். இல்லை என்றார்கள். கடைசியாகப் புதுப்பேட்டை. சந்துக்குள் ஒரு சின்னக் கடை, அம்பாசடர், ஃபியட் சாமான்கள் மட்டும். கடைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். பழைய யூனிட்டைக் காட்டி, "பாய், இது வேணும்" என்றேன். உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொட்டினார். ஐந்து இருந்தது. நான் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நாப்பது வருசமா விக்கிறேன் சார், ஒருத்தரும் மெசின் வச்சு வாங்கினதில்ல."

முதலாவது பாதியில் அறுந்திருந்தது. இரண்டாவதில் எண் குதித்தது. மூன்றாவது, கம்பியை மெதுவாக நகர்த்த நகர்த்த, 238-லிருந்து தடங்கலே இல்லாமல் இறங்கி 22-இல் நின்றது. கேஷ் டாலி ஆனபோதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதி வந்தது. மிச்சம் இரண்டையும் அளந்து பார்க்கச் சொன்னார் பாய், அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஒன்று தேறியது. "இதத் தனியா வச்சுக்கிறேன்" என்று அதை வேறு டப்பாவில் போட்டார். புது மிதவையும் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

மிதவைக் கம்பியின் வளைவையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. டாங்கின் ஆழத்தை அளந்து, பழைய யூனிட்டின் கம்பியைப் பார்த்து வளைத்தோம். ஒரு விஷயம் வேண்டுமென்றே செய்தேன். உள்ளே ஐந்து லிட்டர் மீதியிருக்கும்போதே முள் எம்ப்டிக்கு வரும்படி கம்பியை வைக்கச் சொன்னேன். மினிமம் பேலன்ஸ்.

மாட்டியாகிவிட்டது. இனி உண்மையாகவே டாலி ஆகிறதா பார்க்க வேண்டும். ஷெட்டில் ஐந்து லிட்டர் ஊற்றிக்கொண்டு, கூட்டமில்லாத மத்தியான நேரம் ஒரு பங்க்குக்குப் போனேன். ஐந்து லிட்டர் போடச் சொல்வேன். மூடியைப் போட்டு, வண்டியை ஓரமாகச் சமதரையில் நிறுத்தி, சாவி போட்டு ஒரு நிமிஷம் காத்திருந்து, முள் எங்கே இருக்கிறது என்று எழுதுவேன். மறுபடியும் வந்து வரிசையில் நிற்பேன். மூன்றாவது தடவை பங்க் பையன், "சார், மொத்தமா போட்டா காசு குறையாது" என்றான். "தெரியும்ப்பா" என்றேன்.

இருபத்தைந்து லிட்டர் ஆனபோது முள் காலுக்குச் சற்று மேலேதான் இருந்தது. பாதிக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, வேப்பமரத்தடியில், சாவியை எடுத்துவிட்டு, சென்சார் ஒயரைக் கழற்றி அளந்தேன். சென்சாரிலிருந்து டாங்க் தகட்டுக்கு 70 ஓம். சென்சாரிலிருந்து வண்டி பாடிக்கு 95. நடுவில் 25 ஓம் எங்கிருந்து வந்தது? டாங்கை இறக்கியபோது மெக்கானிக் தம்பி அன்பாக அதற்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார். பட்டையிலும் போல்ட்டிலும் பெயின்ட். மின்சாரம் பாடிக்குத் திரும்பும் வழியை அதுதான் அடைத்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் சுரண்டி, தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டோம். முள் எழுந்து பாதிக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. இந்த 25 ஓம் விஷயத்தை மட்டும் பழைய வண்டிக்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் மாற்றுவதற்கு முன்னால் எர்த்தைப் பாருங்கள், பாதிக் கேஸ் அதிலேயே முடிந்துவிடும்.

டாங்க் திரும்பக் குறைந்ததும் அடுத்த மாதம் மறுபடியும் அதே பங்க். இந்தத் தடவை பையன் தானாகவே ஐந்தில் நிறுத்தினான். ஐந்து லிட்டரில் எம்ப்டி. பதினைந்தில் கால். முப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. நாற்பதில் முக்கால். ஐம்பதில் ஃபுல். நடுவில் அங்கங்கே ஒரு லிட்டர் முன்னே பின்னே இருக்கும். எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி சன் வைசரின் பின்பக்கம் ஒட்டினேன். பேத்தி அதற்கு ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டாள்.

மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. லெட்ஜரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் அது அலமாரிக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து, கந்தகோட்டத்துக்கு ஆட்டோ கூப்பிடப் போனவள் நின்று, "அந்த அட்டையில இருக்கிறது நீங்களே அளந்ததா, இல்ல யாராவது சொன்னதா?" என்று கேட்டாள். நானே அளந்தது என்றேன். "ரெண்டு தடவையா?" ரெண்டு தடவை என்றேன்.

இப்போது வண்டியில் ஏறியதும் முதலில் சன் வைசரைத் திருப்பிப் பார்க்கிறாள், பிறகு முள்ளை. போன வாரம் தாம்பரம் தாண்டும்போது, "பாதிக்குக் கீழ போயிடுச்சு, பங்க்ல நிறுத்துங்க" என்றாள். இன்னும் இருபது லிட்டருக்கு மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்தினேன்.

மல்டிமீட்டர் என்னிடம்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சி பிளாக்குக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்கவும் ஆகும். திருப்பிக் கொடுக்கும்போது ஆஃப் செய்து கொடுங்கள். போன தடவை வாங்கிப் போனவர் ஆனிலேயே கொடுத்துவிட்டார், உள்ளே இருந்த பேட்டரி தீர்ந்துபோனது.